முள் போட்ட இடம்

பாவாயி தம்ளர் தண்ணீரில் தோட்டத்து மண்ணைப் போட்டு விரலாலேயே கலக்கினாள். கலங்கியதைப் பாலாடையில் எடுத்து, அண்ணன் மருதாசலத்தின் கடைவாயில் சரித்தாள். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தபந்தம், ஒறம்பரைச் சனமெல்லாம் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. மனுசன் மண்தண்ணீரைக் குடித்துவிட்டு, மூச்சை விட்டு, அடுத்த மூச்சையும் இழுத்தார்.

"இதுக்கும் போகலையே," என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள்.

இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்கு எதன்மேல் ஆசை மிச்சமிருக்கிறதோ அதைக் கரைத்து ஊற்றினால் உசுரு நல்லபடியாகப் பிரியும் என்பது எருமப்பட்டிப் பக்கத்தில் சொல்கிற பேச்சு. பால் ஊற்றிப் பார்த்தாயிற்று. பெண்டாட்டி சென்னியம்மாளின் தோட்டைக் கழற்றி, அந்தப் பொன்னை உரசியும் ஊற்றியாயிற்று. இப்போது மண்ணும் ஆயிற்று. நாமக்கல் ஆஸ்பத்திரியில் இனி ஊட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பி ஒரு வாரமாகப் போகிறது. பேச்சு நின்றுவிட்டது. கண் திறப்பதில்லை. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் போர்வை நுனியைப் பிடித்து உருட்டுவதும் விடுவதுமாக ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன.

அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்கச் சென்னியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலோரம் உட்காருவாள், எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், பாதியில் விட்டுவிட்டு மறுபடி கட்டிலுக்கு வருவாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பந்தல்காரன் இன்னொரு வேலையாக இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லி, டீ குடித்துவிட்டு, போகும்போது வாசலைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனான். அவனைச் செருப்பால் அடிக்கலாம் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் உள்ளே அந்த மூச்சு படுகிற பாட்டைக் கேட்டால், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாலும் தேவலை என்று அவளே நினைத்தாள். நினைத்த மறு நிமிசம் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

பாவாயி தம்ளரைக் கீழே வைத்தாள். புருசனின் தங்கை; அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். வெளிப்படையான ஆள். மனதில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நான் சொல்றேன்னு வெசனப்படாதீங்க நங்கையா. அண்ணனுக்கு மண்ணும் வேண்டாம், பொன்னும் வேண்டாம். அந்த உசுரு ஏரியில கெடக்குது."

ஊருக்கே தெரிந்ததுதான். பொழுது விடிந்தால் தூண்டில் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனவர் அவர். கடலைக்காய் பிடுங்குகிற நாளிலும் போனார். மகன் மோகன்குமாருக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்றைக்குக் காலையிலும் போய்விட்டுத்தான் வந்தார். சென்னியம்மாள் திட்டாத திட்டில்லை. எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் கட்டிக்கொண்டு இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவளை நடுவீட்டில் நிற்க வைத்து, உன் புருசன் உசுரு உன்னிடத்தில் இல்லை என்று சபையில் சொன்னது போல அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அப்படீன்னா ஏரிக்கே போயி எடுத்துட்டு வாரேன்," என்றாள்.

என்னத்தை என்றார்கள். மீனை என்றாள். உசுரோடு ஒரு ஜிலேபிக் கெண்டை பிடித்து வந்து அந்தக் கையில் வைக்கப் போகிறாளாம். சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. கடையில் வாங்கி வந்துவிடுகிறேன் என்றான் மோகன்குமார். ஐஸ் மீனை அவர் சீந்தக்கூட மாட்டார் என்றாள். சரி, நானே போய்ப் பிடிக்கிறேன் என்றான். தீவன லாரி ஓட்டுகிறவன், தூண்டிலைத் தொட்டறியாதவன். முள் போட்ட இடம் உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவனுக்குத் தெரியாது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பெண்டாட்டி பக்கத்தில் இல்லாதபோது ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன பேசும் என்று பாவாயி தடுத்தாள்.

"ஒரு வாரமாப் பக்கத்துலதான இருந்தேன்," என்றாள் சென்னியம்மாள். "போனாரா?"

குளித்த தண்ணீர் பாய்கிற வாழைக்கடியைக் கிளறி, நாலைந்து மண்புழுவைச் சிரட்டையில் அள்ளினாள். ராடையும், தூண்டில் முள்ளும் ஈயமும் போட்டு வைத்திருந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். மோகன்குமார் டிவிஎஸ் வண்டியில் அவளை ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, வாளியைக் கையில் கொடுத்து, அப்பா பக்கத்தில் ஆள் வேண்டும் என்று திரும்பிப் போனான்.

முள் போட்ட கதை இதுதான். ஒரு கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது, தோட்டத்து வேலிக்கென்று வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள்ளையெல்லாம் மருதாசலம் ஏரிக்குள் கொண்டுபோய், கட்டுக்கட்டாகக் கல்லைக் கட்டிப் புதைத்தார். தண்ணீர் வந்தால் முள்ளில் பாசி பிடிக்கும், பாசிக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு ஜிலேபி வரும், வந்தது பெரிய மீனுக்குப் பயந்து அந்த முள்ளுக்குள்ளேயே குடியிருக்கும் என்றார். பாதி முள் சென்னியம்மாளின் தலைச்சுமையில்தான் போனது. தோட்டத்துக்கு வேலி இல்லாமல் ஊர் ஆடெல்லாம் புகுந்து மேய்கிறது, மீனுக்கு ஊடு கட்டுகிற மனுசனைப் பார் என்று வழியெல்லாம் கரித்துக் கொட்டிக்கொண்டே சுமந்தாள். மழை வந்து ஏரி நிரம்பி இடம் மறைந்துபோனது. மதகுக் கல்லையும் எதிர்க்கரையில் நிற்கும் ஒற்றைப் பனையையும் ஒரே நேராக வைத்துப் பார்த்தால், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற பாறைக்கு எதிரே அந்த இடம். கரையில் வேறு ஆள் இருந்தால் அவர் அங்கே தூண்டில் போடவே மாட்டார்.

அவள் பாறையில் ஏறி ராடை ஒவ்வொரு கணுவாக இழுத்து நீட்டினாள். புழுவைக் கோத்துப் போட்டாள். சித்த நேரம் பார்த்துவிட்டு, பொறுக்காமல் சாய்வாக இழுத்தாள். அடியில் கருவேல முள் தூண்டில் முள்ளைக் கவ்விக்கொண்டது. தூண்டில் நரம்பு அறுந்தது.

"கெரகமே," என்றாள் வாய்விட்டு.

சாய்த்து இழுக்கக் கூடாது, முள்ளுக்குள்ளிருந்து நேராக மேலேதான் தூக்கோணும் என்று அவர் சொல்லியிருந்தார். எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். சாயங்காலம் அவள் சாம்பலைத் தொட்டு மீனை உரசிக்கொண்டிருப்பாள். அவர் எதிரே குந்தவைத்துக்கொண்டு ஒவ்வொரு மீனையும் பிடித்த விதத்தைச் சொல்லுவார், கடைசியில் எத்தனை மொழ ஆழம் என்று சொல்லித்தான் முடிப்பார். அவள் கவிச்சியில் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு காதை எங்கேயோ வைத்திருப்பாள். மீன் தின்னாதவளுக்கு அந்தக் கதை எதற்கு? ஆனால் இப்போது பார்த்தால், கேட்காமல் கேட்டதெல்லாம் உள்ளே எங்கேயோ அப்படியே கிடந்திருக்கிறது.

புது முள்ளை எடுத்துக் கட்டினாள். நரம்பை எச்சிலில் நனைத்து இறுக்கோணும், காய்ந்ததை இறுக்கினால் சூடேறிப் பிசகிவிடும். ஈயம் சின்னதுதான் போடோணும். புழுவைப் பாதிதான் கோக்கோணும், மீதி வால் ஆடோணும். நிழல் தண்ணீரில் விழாமல் நகர்ந்து உட்காரோணும். அவர் சொன்னதையெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே செய்தாள். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. அவள் தக்கையைப் பார்ப்பதும் கரையைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். வண்டி வருகிறதா? வரவில்லை. அங்கே என்ன ஆனதோ? எழுந்து போய்விடலாமா என்று இரண்டு தரம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

வெயில் ஏற ஏற ஜிலேபி கீழே இறங்கும், முள்ளின் தலைக்கு ஒரு சாண் மேலே புழு நிற்கோணும். தக்கையை மேலே தள்ளித் தள்ளி ஆழம் பார்த்தாள். இந்த மீன் தக்கையைக் கீழே இழுக்காது. கீழிருந்து வந்து புழுவைக் கவ்விக்கொண்டு மேலே போகும். ஈயத்தின் பாரம் போய்விடும், தக்கை படுத்துக்கொள்ளும். படுத்தால் தூக்கு.

தக்கை படுத்தது. அவள் பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தாள். ஒரு வெள்ளி மினுக்கு மேலே வந்து, கழன்று, முள்ளில் ஒரு துணுக்கு உதட்டை விட்டுவிட்டுப் போய்விட்டது. உதடு காயிதம் மாதிரி, வெடுக்குன்னா கிழிஞ்சுரும் என்பார் அதற்கும்.

மறுபடி புழு கோத்தாள். இந்த முறை கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தக்கையை மட்டும் பார்த்தாள். தண்ணீர் சலசலக்காமல் கிடந்தது. நரம்பு அவளுடைய இரண்டு விரல்களுக்கு நடுவே லேசாக ஓடிக்கொண்டிருந்தது. அதை உருட்டியும் விட்டும், விட்டும் பிடித்தும், அடியில் என்ன நடக்கிறது என்று விரலாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவள் உடம்பை ஆட்டிவைத்த பரபரப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஒருத்தர் சாகக் கிடக்கிறார் என்பதே மறந்துபோயிருந்தது.

தக்கை மெல்ல எழுந்து படுத்தது. அவள் ஒரு மூச்சு பொறுத்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி நேராகத் தூக்கினாள். ராடு வளைந்தது. கனம் விரல் வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. உள்ளங்கையை விட அகலமான ஜிலேபி ஒன்று தண்ணீரைச் சிதறிக்கொண்டு வெளியே வந்தது. வாளியில் அது விழுந்து சுற்றிச் சுற்றி ஓடியபோது, அந்த வெட்டவெளியில் தன்னந்தனியாக நின்று சென்னியம்மாள் சிரித்தாள். இதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

திரும்பினால் கரைமேல் மோகன்குமார் நின்றுகொண்டிருந்தான். வண்டியை எப்போதோ நிறுத்தியிருக்கிறான். கூப்பிடவில்லை. அவன் நின்ற நிலையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எப்படா சாமி?"

"நீ இங்க வந்த சித்த நேரத்துலயே."

அவன் பாறைக்கு இறங்கி வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். டிவிஎஸ் சத்தம் போனதும் அப்பா கண்ணைத் திறந்தார். ஒரு வாரமாகத் திறக்காத கண். அம்மா எப்போதும் உட்காருகிற பக்கமாகத் திருப்பித் தேடினார். நங்கையா ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறது, உங்கள் முள் போட்ட இடத்துக்கு என்று அத்தை காதோரமாகச் சொன்னாள். அவன் வீடு வந்து சேர்ந்தபோது பார்த்தான். விரல் நின்றுவிட்டிருந்தது.

"சிரிச்சாரும்மா."

"யாரு?"

"அப்பாதான். அப்பறம் ஒரு மூச்சு. அவ்வளவுதான்."

"சிரிச்சாரா? நல்லாப் பாத்தியா?"

"வாயி ஒரு பக்கமா இழுத்துச்சு. அது சிரிப்புதாம்மா. அத்தையும் பாத்துச்சு." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவரு ஏரிக்காவக் கெடக்கலயாம். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தா எப்பிடி உட்டுட்டுப் போவாருன்னு அத்தை அழுவுது."

சென்னியம்மாள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது ஆத்திரம்தான். சொல்லாமக் கொள்ளாமப் போவதே அந்த ஆளின் பொழப்பு, இதிலும் அதைத்தான் செய்திருக்கிறார். ஒரு வாரம் கண் மூடாமல் காத்தவளை ஏரிக்கு அனுப்பிவிட்டு, சந்தடியில்லாமல் கிளம்பியிருக்கிறார். அழுகை அதற்குப் பின்னால் வந்தது. வந்தபோது அவளால் நிறுத்த முடியவில்லை. மகன் பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் முதுகைத் தடவினான். பிறகு, இனி எதற்கு என்று வாளியை எடுத்து ஏரியில் கவிழ்க்கப் போனான்.

"தொடாத," என்றாள்.

வண்டியில் வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வந்தாள். அவன் குண்டு குழி பார்த்து மெதுவாகவே ஓட்டினான். தண்ணீர் தளும்பி அவள் சேலை நனைந்தது.

வாசலில் அவரைக் குளிப்பாட்டிப் பெஞ்சில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தாடையைக் கட்டியிருந்தது. வண்டியைக் கண்டதும் பெண்கள் எழுந்து நின்றார்கள். இப்போது அவள் ஓடிவந்து விழுந்து ஒப்பாரியை எடுப்பாள், பிடித்துக்கொண்டு கூடவே அழலாம் என்று பாவாயி இரண்டு கையையும் விரித்தாள்.

சென்னியம்மாள் அந்தக் கைகளைத் தாண்டி நடந்தாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் வாளியை இறக்கினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். பிறகு தரையில் குந்தவைத்து உட்கார்ந்தாள்.

"புடிச்சுட்டனுங்க," என்றாள்.

அழுகைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"மொதல்ல முள்ளு போட்ட எடத்துல மாட்டி நரம்பு அந்துபோச்சு. சாச்சு இழுத்துட்டேன். அப்பறம் ஒண்ணு வந்துச்சு, அதையும் வெடுக்குனு இழுத்து ஒதட்டக் கிழிச்சு உட்டுட்டேன். நல்ல பெரிசுங்க அது, இதவிடப் பெரிசு. இது மூணாந்தரம் போட்டதுக்கு வந்துச்சு. தக்கை படுத்துச்சுங்க. நான் அவசரப்படல. ஒரு மூச்சு பொறுத்துத்தான் தூக்குனேன்."

பாவாயி விரித்த கைகளை மடக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பின்னால் நின்ற ஒருத்தி கழுத்தை நீட்டி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பறையடிக்க வந்தவர்கள் தெருவிலேயே நின்றார்கள்.

சென்னியம்மாள் அவர் முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டரை மொழமுங்க," என்றாள். "ஆழம் ரெண்டரை மொழந்தான்."