இடுக்கில் விழுந்த செண்டுப்பூ

"வாய்னு ஒண்ணு இருக்கா உனக்கு, இல்ல அதையும் வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று சங்கமித்ராவிடம் அவளுடைய ஒன்பதாம் வகுப்பு டீச்சர் ஒருமுறை கேட்டார். வகுப்பே சிரித்தது. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. இப்போது வயது பத்தொன்பது. மர்பி டவுனில் அசோகனின் கார் ஏசி கடையில் வேலை செய்கிறாள். கார்கள் எதுவும் அவளைக் கேள்வி கேட்பதில்லை.

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு கோவிந்தப்பா வந்து சேர்ந்தார். அதே தெருக்காரர், பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் கார் ஓட்டுகிறவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டேஷ்போர்டில் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு புழுதி.

"கூலே ஆகலன்னு மூணு கம்ப்ளைண்ட் ஆயிடுச்சு, அசோகா. திங்கட்கிழமை காலையில வண்டி செக் பண்றாங்க. அப்பவும் இப்படியே இருந்தா என்னைத் தூக்கிட்டு வேற வண்டி போட்டுருவாங்க. பதினோரு வருஷ ட்யூட்டிப்பா."

அசோகன் சோதித்துப் பார்த்தான். "ஏசி கேஸ் ஃபுல்லா இருக்கு. முன்னால சூட்டை வெளிய தள்ற கண்டென்சரும் சுத்தமா இருக்கு. அப்ப கம்ப்ரஸர்தாண்ணா. புதுசு வர புதன்கிழமை ஆகும்."

"புதன்கிழமை வந்தா நான் அதுக்கு மாலை போட்டு மூலையில வெக்கவா?"

"கோவப்படாதீங்கண்ணா. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரலாம்."

அசோகன் ஓட்ட, சங்கமித்ரா பக்கத்தில் உட்கார்ந்து காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகிப் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டில் கோவிந்தப்பா முருகனைக் கூப்பிட்டபடியே வந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டில் வண்டி வேகமெடுத்ததும் முள் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியது. அல்சூர் சிக்னலில் நின்றதும் இருபதைத் தாண்டியது. பச்சை விழுந்து கிளம்பியதும் மறுபடி இறங்கியது. கம்ப்ரஸர் செத்திருந்தால் ஓடும்போதும் குளிராதே என்று நினைத்தாள்.

கடைக்குத் திரும்பியதும் அசோகன் கம்ப்ரஸருக்குச் சொல்லிவைக்கப் போனை எடுத்தான். அவள் பானெட்டைத் திறந்து, கண்டென்சருக்கும் அதன் பின்னாலிருந்த ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கம்பளி மாதிரி பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. அதில் அங்கங்கே ஆரஞ்சு நிறம், கூடவே ஒரு மஞ்சள் கயிறு. ஆயுத பூஜையன்று பானெட்டைத் திறந்து கோவிந்தப்பா பூவைக் கைநிறைய அள்ளிப் போட்டதைத் தெருவே பார்த்திருக்கிறது. அந்தப் பூவின் மேல் ஆறு மாதப் பீன்யா புழுதி படிந்து கெட்டியாகிவிட்டது.

இதை அவரிடம் யார் சொல்வது? அவள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான், பூஜை கிடையாது. 'உனக்கென்ன தெரியும் பூஜையப் பத்தி' என்று கேட்டுவிட்டால்? அதற்குள் அசோகன் போனில் மாடல் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"ணா... பூ."

"என்ன பூ?"

"உள்ள பூ இருக்குண்ணா. ரெண்டுக்கும் நடுவுல. ஆயுத பூஜைப் பூ. ஓடுறப்ப காத்து வேகத்துல புகுந்துடுது, வண்டி நின்னா அதுக்கு வழியில்ல. கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு."

அந்த வாரம் முழுவதும் அவள் பேசியது அவ்வளவு இருக்காது. கோவிந்தப்பா குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"சாமிக்குப் போட்டதும்மா."

"எடுத்துரட்டுமா?"

இடுக்கைப் பார்த்துக் கும்பிட்டார். "எடு. ஆனா குப்பையில போட்டுராதே."

ரேடியேட்டரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றிச் சற்றே பின்னால் சாய்த்தாள். வேகமாகத் தண்ணீர் அடித்தால் கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும் என்பதால், மெத்தென்ற பிரஷ்ஷால் வாரியெடுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து மெதுவாகக் கழுவினாள். செண்டுப்பூ, கயிறு, காய்ந்த எலுமிச்சைத் தோல் என்று விரித்த நியூஸ்பேப்பர் நிறைந்தது.

"உள்ள ஒரு கல்யாணமே நடந்திருக்குண்ணா," என்றான் அசோகன். கோவிந்தப்பா அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

எல்லாவற்றையும் மாட்டி, வண்டியை நிறுத்தியபடியே ஏசியைப் போட்டார்கள். இருபது. பதினாறு. பன்னிரண்டு. சங்கமித்ரா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒன்பது. வண்டி அசையவே இல்லை, முள்ளும் ஒன்பதை விட்டு அசையவில்லை. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"கம்ப்ரஸர் வேணாம் குரு, கேன்சல்," என்று அசோகன் போனில் சொன்னான்.

கோவிந்தப்பா பூப்பொட்டலத்தை மடித்துப் பக்கத்து சீட்டில் வைத்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, குளிர்காற்றில் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது கேட்பாரோ, பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்று அவள் கை துடைக்கும் துணியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் எதுவும் கேட்கவில்லை. நாலு கண்ணாடியும் ஒவ்வொன்றாக மேலேறின. அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.