பத்துக் குதிரை

காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திய மெக்கானிக், உள்ளே பார்த்ததும் சிரித்துவிட்டார். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. கறுப்புப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது சிவப்பாக, கூம்பு வடிவத்தில் ஒன்று, வளைந்த வெள்ளிக் குழாயின் முனையில் மாட்டிக்கொண்டு அழையாத விருந்தாளி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது.

"போன வாரமே கேக்கணும்னு நெனச்சேன். யாரு வேலை இது?"

"வேற யாரு? என் தம்பிதான்."

அவள் தம்பியைக் குடும்பத்தில் எல்லோரும் குதிரை என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியைப் பார்த்தாலும் இது எத்தனை குதிரைச்சக்தி என்று ஆரம்பித்துவிடுவான். வாடகைக் கார் ஓட்டும் அவள் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக, இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் இந்த ஏர் ஃபில்டரை வாங்கிவந்து, அவனே மாட்டியும் விட்டுப் போயிருந்தான். "இன்ஜின் இனிமே நல்லா மூச்சு விடும் மாமா. பத்துக் குதிரை கூடும், பாருங்க." பத்துக் குதிரையும் எந்தப் பக்கம் ஓடினவோ, கனைப்பு மட்டும் தெருக்கோடி வரை கேட்டது. விடிகாலையில் கார் கிளம்பினால் எதிர் வீட்டுக் குழந்தை வீறிட்டு அழும். அதன் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று அவளையே பார்ப்பாள். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலாம்.

"இதனால வண்டிக்கு ஏதாவது லாபம் உண்டா, சொல்லுங்க."

"போன வாரம் சாரும் நானும் மேம்பாலத்துல ஏத்திப் பார்த்தோமே. பழைய பெட்டியோட எப்படி ஏறுச்சோ அப்படியேதான் ஏறுது. வெயில் நேரத்துல கொஞ்சம் திணறக்கூடச் செய்யுது. பழசு வெளிக்காத்த இழுக்கும், இது இன்ஜின் சூட்டுலயே உட்கார்ந்து சூட்டுக்காத்த இழுக்குது. சத்தம் பெருசா கேட்டா வேகமும் கூடிட்ட மாதிரி ஒரு நெனப்பு, அவ்வளவுதான்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சாரு. இருக்கட்டும்னுட்டாரு."

இருக்கட்டும் என்பார், தெரியாதா. மச்சினன் கொடுத்தது அல்லவா. தம்பி வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். அவள் அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை கேட்டால் பதில் வராது. பக்கத்தில் வந்து கேட்டாலும் "ம்" என்று பொதுவாக ஒரு தலையாட்டல். இரண்டு வருஷமாக இதே கதை. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாளெல்லாம் ஊராருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவள், வீட்டில் சுவரோடு பேச வேண்டியிருந்தது. தம்பி பேசினால் காது திறக்கிறது, நான் பேசினால் மூடிக்கொள்கிறது என்று அவளே முடிவு கட்டி, அந்த முடிவோடு வாழவும் பழகியிருந்தாள். காலையில் வாசலில் நின்று "பார்த்து போயிட்டு வாங்க" என்று சொல்வதை மட்டும் விடவில்லை. அதற்கும் பதில் கிடையாது.

பழைய பெட்டியே திரும்ப ஏறியது. ஸ்பேனர் கீழே விழுந்து கணீரென்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே படுத்திருந்த கணவர் புரளக்கூட இல்லை. சரியான கும்பகர்ணன், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். கையைத் துடைத்தபடியே மெக்கானிக் கேட்டார்.

"அந்த ஸ்டார்ட்டர் இப்ப எப்படி இருக்கு? புதுசு மாத்தியும் கரகரன்னு கடிக்குதுன்னு வந்தீங்களே."

"இந்தச் சனியன் வந்த பிறகு அந்தச் சத்தம் இல்ல."

"அது எப்படி? ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே," என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை கணவர் காரில் ஏறுவதை அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லாத இன்ஜினைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார், நான்தான் மாத்தச் சொன்னேன் என்று நேருக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் தயாராகிக்கொண்டிருந்தாள். அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பூனை மாதிரி எழுந்து ஓட ஆரம்பித்தது. அவர் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினார். தலையைச் சாய்த்தார். மறுபடி அழுத்தினார். பிறகு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு மீண்டும் சாவியைத் திருப்பினார். இரும்பை இரும்பு கடிக்கும் அதே பழைய கரகர சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கைக்கு அதிர்வு தெரிந்திருக்க வேண்டும், சாவியைச் சட்டென்று விட்டார். அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது பார்த்துவிட்டார்களோ என்று.

அவள் பார்த்துவிட்டாள். அந்த ஒரு நொடியில் இரண்டு வருஷமும் தலைகீழாகப் புரண்டு விழுந்தது.

ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, "எப்பலேருந்து?" என்றாள்.

அவர் அவளுடைய உதட்டையே பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு தோள் தளர்ந்தது.

"ரெண்டு வருஷம் இருக்கும். மெல்லிசு சத்தமெல்லாம் ஒண்ணொண்ணா போச்சு. காலிங் பெல், குருவி, இந்த இன்ஜின். ஆம்பள குரல், லாரி மாதிரி அடியில இருந்து வர்றது கேக்குது. உன் குரலும் அந்த மெல்லிசுலதான் போயிருச்சு."

"வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வண்டி ஓட்டாதேன்னுடுவாங்க. எனக்கு வேற என்ன தெரியும்? கியரே இன்ஜின் சத்தத்த வச்சுத்தான் போடுவேன். உன் தம்பி அத மாட்டினான் பாரு, அன்னிக்கு ரோட்டுல ஓரமா நிறுத்திட்டு அழுதேன். வேகமும் கூடல, ஒரு மண்ணும் கூடல. வண்டி திரும்ப எங்கிட்ட பேசுச்சு."

எத்தனை இரவுகள் இந்த மனுஷனுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பாள். கோபப்பட இன்னும் இடம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்து நெஞ்சை நிறைத்தது. இவர் என்னை வெறுக்கவில்லை. நன்றி சொல்லலாம் போலிருந்தது, சாமிக்கோ, ஸ்டார்ட்டருக்கோ, யாருக்கென்று தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அன்றே மருத்துவமனையில் கேட்டு, நல்ல காது டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினாள். காதுக்குக் கருவி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டதும் அவர் அடம் பிடிக்கவில்லை. "அதுவரைக்கும் வெளி சவாரி வேண்டாம்," என்றாள். அதற்கும் தலையாட்டினார், இந்தத் தடவை புரிந்து. பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

"அந்தச் சிவப்பு டப்பாவ மெக்கானிக்க விட்டு கழட்டிட்டேன்டா. நீயே வந்து திரும்ப மாட்டிக் குடு."

"இப்பவாவது புரிஞ்சுதா அக்கா? பத்துக் குதிரை!"

"ஆமாண்டா," என்றாள். "அதுக்கு மேலயே கூடியிருக்கு. நீ நல்லா இருக்கணும்."

அக்கா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து கேட்டிராத குதிரை, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று பயந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிக் கொடுத்தான். திங்கட்கிழமை காலை, எதிர் வீட்டுக் குழந்தையை எழுப்ப வேண்டாம் என்று காரைத் தெருமுனை வரை இருவரும் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம், அவள் பின்னால், மருத்துவமனைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னாச்சு, பேட்டரியா?" என்றார். "இல்லண்ணே, குழந்தை தூங்குது," என்று அவள் சொன்னது அவருக்கு விளங்கவே இல்லை.

முனையில் அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் முன்னால் போய்ப் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். சாவி திரும்பியது. கைக்கடியில் இரும்பு உறுமியது. ஓடுகிறது என்று தலையசைத்தாள். எனக்கே கேட்குது என்பதுபோல அவர் கண்ணாடிக்கு உள்ளிருந்து சிரித்தார். ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். ஆண்பிள்ளை மாதிரி, அடித்தொண்டையிலிருந்து குரலை இழுத்து, "பார்த்து போங்க, நானும் வர்றேன்," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

"ஏறு, ஏறு," என்றார் அவர். "டாக்டர் காத்திருப்பாரு."

கேட்டுவிட்டுச் சொன்ன பதில். அவள் கதவைத் திறக்காமல் இன்னும் கொஞ்சம் நின்றாள், உள்ளங்கையில் பானெட்டின் அதிர்வு இன்னும் இருந்தது.