தானாகச் சேர்ந்ததாம்

“அது தானா சேர்ற பொருள்மா. இதுல நீ என்ன பெருசா பண்ணிட்டே?”

என் ஆராய்ச்சி வழிகாட்டி லோகநாதன் சார் இப்படிக் கேட்டபோது வந்த ஆத்திரத்தில் மேஜையையே புரட்டிப் போட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் கட்டுரை. எழுதியவர்கள்: ஸ்ரீகாந்த், லோகநாதன். கடைசிப் பக்கத்தில், குப்பி கழுவித் தந்தவருக்கும் கரண்ட் ரிப்பேர் பார்த்தவருக்கும் நடுவில், ‘ஜெனிஃபருக்கு நன்றி’ என்று என் பெயர். ஆஹா, என்ன தாராளம்!

முதல் பெயராக ஒரு கட்டுரையாவது வராமல் எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்க முடியாது. எனக்கு இது ஐந்தாம் வருடம். ஆறு மாதத்தில் பதிவு முடிந்துவிடும். சாருக்கு இது தெரியாதா என்ன? கூடப் படிக்கும் ஸ்ரீகாந்துக்கு வெளிநாட்டில் இடம் வாங்கிக் கொடுக்க வேண்டும், அதற்கு என் உழைப்பு வேண்டியிருந்தது.

நான் என்ன பண்ணினேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். நான் தயாரித்த பொருளைச் சூடான கடலை எண்ணெயில் போட்டால் தடம் தெரியாமல் கரைந்துவிடும். ஆற ஆற அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக அடுக்கிக்கொள்ளும். அடுக்கு நாராகும், நார்கள் பின்னி வலையாகும், அந்த வலைக்குள் எண்ணெய் முழுக்க அகப்பட்டுக் களியாக நிற்கும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. யாரும் கோத்துக் கட்டுவதில்லை, தானாகத்தான் சேர்கிறது, வாஸ்தவம். ஆனால் அவசரமாக ஆறினால் சேர நேரமில்லாமல் வெள்ளைப் பொடியாக அடியில் தங்கிவிடும். இரண்டு வருடம் எனக்குப் பொடிதான் வந்தது. அப்போதெல்லாம் யாரும் அதில் பங்கு கேட்கவில்லை.

என் அப்பா ஜான்சன் உத்திரமேரூரில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அங்கே நெல் அவிக்க உமியை எரிப்பார்கள். அந்தச் சாம்பல் பின்பக்கம் மலையாகக் குவிந்திருக்கும். மேலே ஆறிவிட்டாலும் உள்ளே சூடு பொழுதுக்கும் மெல்ல மெல்லத்தான் இறங்கும். மூட்டை தூக்குகிறவர்கள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை அதில் புதைத்து வைத்து, மத்தியானம் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். ஒருநாள் அப்பாவின் தூக்குக்குப் பக்கத்தில், சூடான எண்ணெயில் பொருளைக் கரைத்து ஊற்றிய என் குப்பியையும் புதைத்தேன். எட்டு மணி நேரம் தொடவில்லை. எடுத்துக் கவிழ்த்தால், விழவில்லை! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதன்பின் முப்பது தடவை செய்தேன். அரை மணிக்கு ஒருமுறை சூட்டை அளந்து நோட்டில் எழுதி சாரிடம் கொடுத்தேன். மில் சாம்பல் என்று எழுதினால் சிரிப்பார்களாம். ‘மெதுவாகக் குளிர்விக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஸ்ரீகாந்த் செய்தது, நுண்ணோக்கியில் நான்கு படம் எடுத்தது.

கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்வுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. செய்முறை தெளிவாக இல்லை, மறுபடி செய்து வீடியோ அனுப்புங்கள், இரண்டு வாரம் அவகாசம். ஸ்ரீகாந்த் ஆய்வகத்துக் குளிர்விக்கும் இயந்திரத்தில் பதினொரு தடவை முயன்றான். பதினொரு தடவையும் பொடி. அதன் மோட்டார் நாள் முழுக்க உதறிக்கொண்டே இருக்கும், நார் எப்படிப் பின்னும்? நீயே வந்து செய்து கொடும்மா என்று சார் எனக்குப் போன் போட்டார். குரலில் அப்படி ஒரு தேன்!

அப்பாவிடம் சொன்னேன்.

“இன்னாத்துக்கு நீ போவணும்? தானா சேருதுன்னு சொன்னாரில்ல, அவுரே ஒக்காந்து பாத்துக்கினு கெடக்கட்டும்!” என்றார்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் என் ஐந்து வருடம் போய்விடுமே. மில்லுக்கு வந்தால் செய்து காட்டுகிறேன் என்று சாரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்று குப்பிகளைச் சாம்பலில் இறக்கினேன். சாயங்காலம் நாலு மணிக்கு சார் மூக்கில் கைக்குட்டையோடு காரில் வந்து இறங்கினார். அவர் முன்னால் குப்பிகளை எடுத்து, என் போனில் வீடியோ ஓட, ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். மூன்றும் அசையவில்லை.

“பிரமாதம்மா! வீடியோவ எனக்கு அனுப்பு.”

“பேரு சார்.”

“போட்டுடலாம். ரெண்டாவதா.”

“மொதல்ல.”

“ஸ்ரீகாந்த் என்னம்மா நெனைப்பான்?”

“அவருக்கு வந்த பொடி பதினொண்ணு இருக்கே சார். அதையே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அப்பா தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சார் சுற்றிலும் பார்த்துவிட்டு, லேப்டாப்பைக் கார் பானெட்மேல் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். பெயர் மாற்றத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

“இப்ப சந்தோஷமா?”

சந்தோஷமாம்! மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்பது போலக் கேட்டார். அவர் முன்னால் ஒருநாளும் வராத எங்கள் வீட்டுப் பேச்சு அப்போது வந்துவிட்டது.

“இன்னா சார் சந்தோஷம்? எம்பேர நானே காவலு நின்னு வாங்கிக்கினு கீறேன்.”

அனுப்பிய கடிதத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. சிவக்கட்டும். ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகுதான் வீடியோவை அனுப்பினேன்.