துரை போட்ட கதவு வரி

தெருவைப் பார்த்த ஒவ்வொரு கதவுக்கும் வரி என்று கடல் தாண்டி வந்த துரை உத்தரவு போட்டார். அதை வீடு வீடாகச் சொல்லும் வேலை ‘துரைவால்’ தலையில் விழுந்தது. துரையின் பின்னாலேயே அலையும் சேவகர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது.

“ஏன்யா, மூச்சு விடுறதுக்கு எப்போ வரி?” என்றார் தையற்காரர்.

“நான் சொல்றவன்தான், போடுறவன் இல்ல” என்று நழுவினார் துரைவால்.

மறுநாள் வசூலுக்குப் போனவருக்குத் தலை சுற்றியது. ஒரு வீட்டிலும் கதவில்லை. கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜனங்கள் அவரவர் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, மத்தியானச் சோறாவது நிம்மதியாகத் தின்னலாம் என்று வீட்டுக்கு வந்தால், அங்கேயும் வாசல் ஆவென்று கிடந்தது. தச்சு வேலை பார்க்கும் மச்சினன் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னடி இது, என் வேலைக்கே உலை வைக்கிறியே!”

“திறந்த வீட்டுல நாய் நுழையும். வரி நுழையாதுன்னு உங்க துரைகிட்ட சொல்லுங்க” என்றாள் மனைவி.

சேதி கேட்டுத் துரை தாம்தூம் என்று குதித்தார். “கதவெல்லாம் பறிமுதல்!”

வண்டி வண்டியாக வந்த கதவுகளைத் துரையின் ஆபீஸ் அறைக்கு வெளியே, தெருவைப் பார்த்த தாழ்வாரத்தில் அடுக்கினார்கள். சாயங்காலம் அடுக்கு சரிந்து, வெளிப்பக்கம் திறக்கும் அறைக்கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே துரை. துரைவால் முக்கிமுனகித் தள்ளியும் ஒன்றும் அசையவில்லை. மச்சினனை அழைத்து வந்தார். கூடவே ஊரும் வந்தது.

மச்சினன் தாடையைச் சொறிந்தான். “எடுத்துடலாங்க துரை. ஆனா இத்தனை கதவும் இப்போ உங்க ஆபீஸ்ல தெருவைப் பார்த்துல்ல நிக்குது? இதுக்கு யாரு வரி கட்டுறது?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரைவால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து திட்டு வந்தது, மிரட்டல் வந்தது, ராத்திரிச் சாப்பாட்டு நேரமும் தாண்டிப் போனது. பசி வந்தால் பத்தும் பறக்கும். துரைக்குப் பதினொன்றாவதாக வரியும் பறந்தது.

“வரி கிடையாது! போதுமா? கதவைத் திற!”

அடுக்கைக் கலைத்ததும் எது யார் கதவு என்று ஒரே கூச்சல். துரைவாலின் மனைவி மட்டும் சண்டைக்கே போகவில்லை. வட்டிக்கடைக்காரரின் தேக்குக் கதவருகே போய் நின்றாள்.

“அடியே, இது நம்மது இல்ல!”

“கத்தாதீங்க. அந்தப் பக்கம் பிடிங்க.”

துரைவால் சுற்றுமுற்றும் பார்த்தார். பிடித்தார்.