இறக்கி வைக்காத பை

ரேவதியிடம் முதுகில் மாட்டும் கேமராப் பை ஒன்று இருந்தது. பார்வைக்குக் கம்பீரமானது. திறக்க வேண்டுமானால் மட்டும் அதைக் கழற்றித் தரையில் வைத்து, அதன்முன் மண்டியிட வேண்டும்.

சென்ற ஆவணியில், படம் எடுக்கப் போன ஒரு திருமணத்தில், அதை மணமேடை ஓரமாக வைத்துவிட்டு அவள் சற்றுத் தள்ளிப் போயிருந்தாள். மணமகளின் அத்தை மங்கம்மா பொறுப்பு மிகுந்தவர். கேட்பாரற்றுக் கிடந்த பையைக் கண்டதும் அது சீர்ப்பொருள்தான் என்று முடிவு செய்தார். மணமகள் அறையில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார். கெட்டிமேளம் கொட்டுவதற்குச் சற்றுமுன் ரேவதியின் கேமராவில் பேட்டரி தீர்ந்தது. மாற்று பேட்டரி பூட்டிய அறைக்குள் இருந்தது. ஆல்பத்தில் தாலி கட்டும் படம் இல்லாமலே அந்தத் திருமணம் நிறைவேறியது.

கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள் முதலாளி ஜெகதீஷ் கோபக்காரர் அல்லர். அதனால்தான் அவர் சொன்னது உறைத்தது.

“தை மாசம் நாகரசம்பட்டில ஒரு கல்யாணம் இருக்குது. முகூர்த்தம் நீதான் எடுக்கற. அதுவும் போச்சுன்னா, அப்புறம் மொய் வரிசையை எடுத்துக்கிட்டு இரும்மா.”

மொய் வரிசையில் வருவோர் அனைவரும் ஒரே விதமாகச் சிரிப்பார்கள். கவரை ஒரே கோணத்தில் நீட்டுவார்கள். அந்த வேலையைச் செய்து தேய்ந்த பிறகுதான் ரேவதிக்கு முகூர்த்தம் கிடைத்திருந்தது. திரும்பிப் போகும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆகவே, முகூர்த்தம் முடியும்வரை உடம்பைவிட்டு இறங்காத ஒரு பை வேண்டும். அதைத் தோளும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போனாள். கல்யாணத்துக்கு உடுத்தும் பட்டுப்புடவையையே உடுத்தியிருந்தாள்; கேமராவையும் லென்ஸ்களையும் துண்டில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனாள். கடைக்காரன் வெங்கட் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“அக்கா, காய்கறி மார்க்கெட்டு அடுத்த தெருவுங்க.”

“தெரியும். தோள்பையைக் காட்டுங்க.”

கடையில் எல்லாப் பைகளையும் காகிதப் பந்துகள் நிறைத்திருந்தன. அவற்றை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசைமேல் குவித்துவிட்டுத் தன் பொருள்களை வைத்தாள். வெறும் பை எந்தத் தோளுக்கும் சுகமாகத்தான் இருக்கும். முதல் பை அழகானது. ஆனால் அதன் வார் மிகக் குறுகல். வாசல்வரை நடப்பதற்குள் தோளில் பள்ளம் விழுந்தது. அடுத்ததில் மெத்தென்ற அகல வார். பட்டின்மேல் அது வழுக்கிக்கொண்டே இறங்கியது. இன்னொன்றின் மூடியில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை; பிரித்தால் துணி கிழிவதுபோல் அலறியது.

“ஐயர் மந்திரம் சொல்றப்ப இது கத்துச்சுன்னா, அவரு நிறுத்திட்டு என்னைப் பாப்பாரு. வேற காட்டுங்க.”

“பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கக்கா.”

“அவங்க பொண்ணைத் தோள்ல மாட்டிக்கிட்டா நடக்கறாங்க?”

வெங்கட் சிரித்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு சாம்பல்நிறப் பையைக் கொண்டுவந்தான். அதை யாரும் ஆசைப்பட்டு வாங்கியிருக்க முடியாது. வார் அகலமானது, அடியில் சொரசொரப்பான ரப்பர் பட்டை. குறுக்கே மாட்டினால் பை இடுப்போடு ஒட்டி நின்றது. மூடி உடம்பின் பக்கமாகத் திறந்தது. இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு மெல்லிய வாரும் இருந்தது. ரேவதி கைகளை உயர்த்தினாள், குந்தினாள், எழுந்தாள். கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு லென்ஸையும் எடுத்து வைத்தாள். பிறகு கடைவீதியில் ஒரு சுற்று நடந்துவந்தாள். வெங்கட் துணைக்கு வந்தான், பைக்கு.

அவள் வாங்கி வந்த பையை ஜெகதீஷ் பார்த்ததும், “மருந்துக் கம்பெனி ரெப்பா சேந்துட்டியா?” என்றார்.

“ஆமாங்கண்ணா, தலைவலி மாத்திரை வேணுமா?” என்றாள் ரேவதி.

நாகரசம்பட்டி மண்டபத்தில் மணமகன் நவீன்குமாரும் மணமகள் முனிலட்சுமியும் மணையில் அமர்ந்திருந்தார்கள். ரேவதி நீண்ட லென்ஸை மாட்டி, மேடைக்கு எதிரே இடம் பிடித்திருந்தாள். ஜெகதீஷ் வீடியோ கேமராவுடன் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. புரோகிதர் கையை உயர்த்தினார். உடனே, மேடையில் நின்ற மாமன்களும் பெரியப்பாக்களும் அட்சதையோடு ஒரே மனதாக முன்னால் நகர்ந்தார்கள். கேமராவில் முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

“கொஞ்சம் நவுருங்கண்ணா!” என்ற ஜெகதீஷின் குரல் நாதசுரத்தில் கரைந்தது.

இத்தகைய கூட்டம் ஒருத்திக்கு மட்டும் வழிவிடும்: மூன்றாம் முடிச்சைப் போட வேண்டிய நாத்தனாருக்கு. மணமகனின் தங்கை தர்ஷினி பக்கத்துப் படியில் ஏறுவதை ரேவதி பார்த்தாள். தானும் அவள் பின்னால் ஓடினாள்.

அங்கே மணமக்கள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பார்கள்; நீண்ட லென்ஸ் உதவாது. படியேறியபடியே மூடியைத் திறந்தாள். பை ஆடவில்லை, வார் நழுவவில்லை. கழற்றிய லென்ஸ் உள்ளே போயிற்று; அகலக்கோண லென்ஸ் வெளியே வந்து கேமராவில் பொருந்தியது. அவள் கண் தர்ஷினியின் பின்னலை விட்டு விலகவே இல்லை.

“யாரும்மா நீ?” என்று ஒரு பெரியவர் மறித்தார்.

“நாத்தனார்கூட வந்தவளுங்க.”

அது பொய்யும் அன்று. அவர் பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு விலகினார்.

தர்ஷினியின் முழங்கைக்கும் குத்துவிளக்குக்கும் இடையே ஓர் ஆள் குந்துவதற்கு இடம் இருந்தது. முதுகில் மூட்டை இருந்திருந்தால் விளக்கு சாய்ந்திருக்கும். ரேவதி குந்தினாள். கெட்டிமேளம் முழங்கியது. நவீன்குமார் இரண்டு முடிச்சுகளைப் போட்டான். தர்ஷினியின் விரல்கள் மூன்றாவதை வாங்கிக்கொண்டன. அட்சதை காற்றில் நின்ற கணத்தில், தலைகுனிந்து அடக்கமாக இருக்க வேண்டிய முனிலட்சுமி, கழுத்தில் கூச்சம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

ரேவதி அதை எடுத்தாள்.

சடங்குகள் ஓய்ந்ததும் ஜெகதீஷ் கேமராவை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் நகர்த்தி, மறுபடியும் பார்த்தார்.

“எனக்கு முதுகுதாம்மா கெடச்சுது. மூணு முடிச்சும் இருக்குதா?”

“இருக்குதுங்கண்ணா. சிரிப்பும் இருக்குது.”

அவர் அங்கேயே நின்று போனை எடுத்தார். “சூளகிரி கல்யாண வீடுங்களா? முகூர்த்தத்துக்கு யாருன்னு கேட்டீங்களே, எங்க ரேவதிதான் எடுக்கறாங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க.”

ரேவதி பந்திக்குப் போய் அமர்ந்தாள். இலையில் விழுந்த ஒப்பட்டுப் போளி சூடாக இருந்தது; மேலே நெய் ஊற்றினார்கள்.

“பையைக் கழட்டி வெச்சுட்டுச் சாப்புடும்மா,” என்றார் பரிமாறியவர்.

அது இன்னும் தோளில் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“இருக்கட்டுங்க,” என்றாள். “இன்னொரு ஒப்பட்டு வையுங்க.”