விட்டுப்போன நொடி

...அப்படியானால் எனக்கு ஆறாவது கணக்குதான், எண்ணிப் பார்த்தாயிற்று, முன் பெஞ்சிலிருந்து ஆளுக்கொன்று போர்டில் போடவேண்டும், எனக்கு முன்னால் இருக்கும் நெட்டையனுக்கு ஐந்து, எனக்கு ஆறு, அது லாகரிதம் கணக்கு, நேற்றே உருப்போட்டாயிற்று, கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுதுவேன், பிறகு ஏன் மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கிறேன்... இன்ஜினியரிங்கில் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இன்று போர்டில் தடுமாறுகிறவர்கள் சாயங்காலம் அடிப்படைக் கணித வகுப்புக்குப் போகவேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார், பின்னத்திலிருந்து ஆரம்பிப்பார்களாம், பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் நர்சரி. நர்சரிக்குப் போனால் அப்பாவிடம் என்ன சொல்வது? பஸ் ஓட்டுகிற மனிதர், டிப்போவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு கணக்குல புலி" என்று சொல்லி வைத்திருக்கிறார். புலிதான், எல்லாம் மனப்பாடம் செய்த புலி, எதை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும், எதை அடித்துவிடலாம் என்று கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் என் குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும்.

நெட்டையன் போய்விட்டான், எழுதுகிறான், தரையிலிருந்து மேலே உதைத்த பந்து, t நொடியில் அதன் உயரம் 20t − 5t² மீட்டர், எந்தெந்த நொடிகளில் பந்து தரையில் இருக்கும்... 20t = 5t² என்று எழுதியவன் சாக்பீஸை t மேல் வைத்தபடி நின்றுவிட்டான், ஏன் நிற்கிறான்? "என்னப்பா, யோசிக்கிறியா தூங்குறியா?" என்கிறார் விரிவுரையாளர், வகுப்பு சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன், சிரிக்காவிட்டால் பயந்திருப்பது தெரிந்துவிடுமே. "சரி, சாயங்காலம் வந்துடு. அடுத்து யாரு? வாம்மா, இதையே முடி." இதையேவா? அப்போது என் ஆறு? வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடையவேண்டும்... போர்டு எவ்வளவு பெரியது, முதுகுக்குப் பின்னால் எல்லோருடைய கண்ணும்... சமாளி, இரண்டு பக்கமும் t இருக்கிறது, அடி, அடித்துவிட்டேன், 20 = 5t, t = 4, முடிந்தது. இவ்வளவு சுலபத்துக்கா அவன் நின்றான்?

திரும்பும்போதுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது, எந்தெந்த... ஒன்றுக்கு மேலா? விழும்போது நான்கு, சரி, உதைக்கும்போது பந்து எங்கே இருந்தது? தரையில்தானே, அப்போது t பூஜ்யம், ஐயோ, அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்தல்லவா நான் அடித்துவிட்டேன், t-ஐ அடிப்பதென்றால் t-ஆல் வகுப்பதுதானே, பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்று எத்தனை வருடமாக ஒப்பித்திருக்கிறேன்... போச்சு, வருகிறார், இப்போது கேட்பார், கையில் விடைக்குறிப்பு, அதைப் பார்க்கிறார், என் கடைசி வரியைப் பார்க்கிறார், நடுவில் எதையும் பார்க்கவில்லை. "நாலு. சரியாத்தான் இருக்கு, போய் உக்காரும்மா. எல்லாரும் எழுதிக்குங்க." பெரிதாக ஒரு டிக். அத்தனை பேனாக்களும் ஓடுகின்றன, சொல்லிவிடலாமா, சொன்னால் நர்சரி, சொல்லாவிட்டால்... உட்கார்ந்துவிட்டேன்.

நெட்டையன் மெல்லத் திரும்பினான், முகம் இன்னும் சிவந்திருந்தது. "ஏங்க, t பூஜ்யமா இருந்தா அதை அடிக்கலாமா? அதான் அங்க நின்னுட்டேன். நீங்க அடிச்சிட்டீங்களே."

"அடிக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றேன், எவ்வளவு திடமாக வந்தது அந்தக் குரல். "ஓ, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுக் குனிந்து எழுதிக்கொண்டான். இன்னொரு தடவை கேட்பான் என்று பார்த்தேன்... கேட்கவில்லை. தெரியாதது வெளிப்பட்டுவிடும் என்றுதானே இத்தனை நேரம் பயந்தேன், இப்போது ஒருவன் என்னை நம்பிவிட்டான், இதற்கு எப்படிப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.