வாய் அகன்ற கெட்டில்

பல்செட் செய்யும் அந்தப் பட்டறையில் ஒரே ஒரு கெட்டில்தான். மெழுகை இளக்கவும் அதுவே, தேநீருக்கும் அதுவே. மெழுகு வேலை பார்க்கும் அவளுக்குக் கோப்பையைக் கண்டாலே குமட்டும். மேலே இளஞ்சிவப்பாய் ஒரு படலம் மிதக்கும். உதட்டில் பட்டால் சாயங்காலம் வரை வழுவழுப்புப் போகாது. மாஸ்டரோ அதை ஊதி ஒதுக்கிவிட்டுச் சப்புக்கொட்டிக் குடிப்பார்.

“வாய்க்குள்ள வைக்கிற மெழுகுதானேம்மா?”

“அது அடுத்தவங்க வாய்ண்ணே.”

சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவதென்று முடிவு செய்தாள். மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பல் சுடும் அடுப்பு ஓடும்போது பெரிய கெட்டிலைப் போட்டால் ‘டப்’பென்று கரண்ட் போய்விடும், பாதி வெந்த பற்கள் அத்தனையும் விரிசல் விடும். ஆகவே ஐந்நூறு வாட்டுக்கு மேல் கூடாது.

கடையில் ஒவ்வொரு கெட்டிலாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

“என்னங்க, முட்டை கிட்டை போட்டிருக்கான்னு பாக்குறீங்களா?” என்றார் கடைக்காரர்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஐந்நூறு வாட். உள்ளே முழுக்க ஸ்டீல். கையை விட்டுத் தேய்த்துக் கழுவும்படி அகன்ற வாய். ‘தேநீருக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டினாள். கொதிக்கத்தான் நேரமாகும், அதனால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் நிரப்பி வைத்து, காலையில் வந்ததும் சுவிட்சைத் தட்டுவாள். மூன்று நாள் நிம்மதியாகப் போயிற்று.

நான்காம் நாள் இரண்டாவது கோப்பைக்காக மூடியைத் திறந்தாள். அடியில் கிடந்து பல்லிளித்தது, பழுதுபார்க்க வந்திருந்த யாரோ ஒருவரின் பழைய பல்செட். இடுக்கெல்லாம் மஞ்சள் கறை; எத்தனை வருஷத்து எச்சிலோ! ஊறி உரிந்த அழுக்கு நூல் நூலாய்த் தண்ணீரில் ஆடியது.

வாஷ்பேசினுக்கு ஓடினாள். குடித்த முதல் கோப்பையை அப்படியே கக்கினாள்.

“ஐயையோ, கொதிக்க வெச்சிட்டியாம்மா?” பின்னாலேயே வந்து நின்றார் மாஸ்டர். “ராத்திரி ஊறட்டும்னுதானே போட்டேன்! இப்ப பாரு, வளைஞ்சே போச்சு!”

“சீட்டு ஒட்டியிருந்தேனேண்ணே?”

“படிச்சேம்மா. ஆனா இந்த வாய்க்குத்தான் பல்செட் இடிக்காம இறங்குது. நல்லா பாத்துத்தான் வாங்கியிருக்கே!”

வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். பிறகு, வளைந்துபோன அந்தச் செட்டை இரண்டு விரலால் தூக்கிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். “மறுபடியும் ஐந்நூறு வாட்டா?”

“ஆமா. வாய் மட்டும் குறுகலா வேணும்.”

“கை போகாதேங்க, எப்படிக் கழுவுவீங்க?”

“குலுக்கிக் குலுக்கிக் கழுவிக்கிறேன்.”

காகிதத்தைப் பிரித்து, பல்செட்டை ஒவ்வொரு கெட்டிலின் வாயிலும் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த தேநீரை மெல்லக் கீழே வைத்தார்.